மூன்று வாய்கள்

சினிமாவைப் பற்றியே ஒரு சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், சினிமாக்காரர்கள் எல்லாருக்கும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஊரையே படம் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு, தங்களையும் ஒருவர் படம் பிடிக்க மாட்டாரா என்ற ஆசை உள்ளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த ஸ்டூடியோவில் செய்தி பரவிய மறுநாளே லைட் போடுகிறவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றார். மேக்கப்காரர் இயக்குநரின் தாடியைச் சும்மாவே திருத்திவிட்டு, திருத்துகிற சாக்கில் தன் இளமைக்காலக் கஷ்டங்களை எல்லாம் சொல்லி முடித்தார். கேண்டீன்காரர்கூட, சினிமாவில் டீயின் பங்கை இதுவரை யாரும் சரியாகக் காட்டவில்லை என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

கடைசியில் பார்த்தால் அந்தப் படத்தின் நாயகி ஒரு டப்பிங் கலைஞர். அடுத்தவர் வாயசைப்புக்குக் குரல் கொடுத்தே காலம் தள்ளுகிற ஒருத்தியின் கதை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது, அதுவும் நம் டம்ளரிலேயே விழுந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அக்கா என்றால் அந்த ஸ்டூடியோவுக்கே அக்கா. அவளைவிட மூத்தவரான ஒலிப்பதிவாளரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா பேசிய நாயகிகளில் பாதிப் பேர் நடித்து, கல்யாணம் செய்துகொண்டு, காணாமல் போய், மறுபடியும் அம்மா வேடத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் அதே மைக்கின் முன்னால் மகளுக்கும் பேசினாள், அம்மாவுக்கும் பேசினாள். சில படங்களில் அந்த அம்மாவும் மகளும் சண்டை போடுவார்கள். அன்றைக்கு அக்காவுக்கு அக்காவோடேயே சண்டை.

இயக்குநர் இளைஞர். எதையும் நேரில் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிற கட்சி. ஒரு வாரம் டப்பிங் தியேட்டரின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பை வெளியே விடுவதையும், வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைப்பதையும், சரசரக்காத பருத்தித் துணியாகப் பார்த்து உடுத்தி வருவதையும் பார்த்தார். மைக்கின் முன்னால் போய் நிற்கும் முன்பு அவள் இரண்டு பிஸ்கட் சாப்பிடுவாள். அது எதற்கு என்று கேட்டார்.

"வெறும் வயிறு மைக்குக்கு ஆகாது சார். நாம காதல் வசனம் பேசிக்கிட்டிருக்கும்போது அது நடுவுல வேற ஏதாவது பேசும்."

இயக்குநர் ஆகா ஆகா என்றார். அந்த ஆகாவைக் கேட்டு அக்கா மனதுக்குள் கோட்டை கட்டத் தொடங்கினாள். இத்தனை கேட்கிறவர் வேறு யாரை நடிக்க வைக்கப்போகிறார்? தன் குரல் தன் முகத்திலிருந்தே வருவதை ஊர் ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். கூச்சத்தை விட்டு ஒரு நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"சார், அந்த வேஷத்துக்கு யாரைப் போடறதா இருக்கீங்க? நானே பண்ணிடட்டுமா?"

இயக்குநர் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்.

"உங்களைப் பார்த்தா டப்பிங் ஆர்ட்டிஸ்ட் மாதிரியே இல்லையே அக்கா."

"பின்னே யாரு மாதிரி சார் இருக்கேன்?"

"அதைச் சொல்லத் தெரியலை. நிழல்லயே வாழ்ந்தவங்க கண்ணுல ஒரு ஏக்கம் இருக்கும். உங்க கண்ணுல அது இல்ல. நீங்க நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கீங்க."

அக்கா அன்று நன்றாகத்தான் சாப்பிட்டிருந்தாள். முந்தைய ராத்திரி அடித்துப் போட்டதுபோலத்தான் தூங்கியும் இருந்தாள். அதனால் மறுத்துப் பேச வழி இல்லாமல் போயிற்று.

அக்காவின் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். புதிதாக ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே பழகிவிட்டதால் எந்தச் செய்திக்கும் பதறாத மனிதர். சாயங்காலம் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கண்ணுல ஏக்கம் இல்லன்னா சொன்னாரு? அப்போ நான் உன்னை நல்லா வெச்சிருக்கேன்னு வெளியாளே ஒத்துக்கிட்டாரு."

"சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது."

"பிஸ்கட் சாப்பிடேன்," என்றார் அவர்.

நடிக்க வந்த பெண்ணின் கண்ணில் ஏக்கம் வழிந்தது. அதில் குறையே சொல்ல முடியாது. வேடத்துக்காக இளைக்கச் சொல்லி இயக்குநர் அவளை மாதக்கணக்காகப் பட்டினி போட்டிருந்தார். கேண்டீன் பக்கம் யாராவது தட்டோடு போனால் அந்தக் கண்கள் தட்டோடேயே போய்த் திரும்பும். இயக்குநர் அதைப் பார்த்து, இதுதான் நிழலில் வாழ்ந்தவளின் பார்வை என்று கேமராக்காரரிடம் சொல்லிப் பூரித்துப் போவார். நல்ல பெண், பாவம். வந்த முதல் நாளே, "அக்கா, நீங்க பண்ணவேண்டிய வேஷம்னு சொன்னாங்க. மன்னிச்சுக்கோங்க அக்கா," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் மீது கோபப்பட அக்காவால் முடியவில்லை.

படப்பிடிப்பும் அதே டப்பிங் தியேட்டரில்தான் நடந்தது. நிஜத் தியேட்டர் நிஜம் மாதிரி இல்லை என்று சொல்லி, சுவருக்கு இருட்டு வண்ணம் பூசி, மூலையில் பருத்தி நூலில் ஒட்டடை கட்டி, ஓடாத மின்விசிறி ஒன்றை வாங்கி வந்து மாட்டினார்கள். எல்லாம் முடிந்து படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகம் பொருந்துகிறது, நடை பொருந்துகிறது, குரல் மட்டும் பொருந்தவில்லை. அது சன்னமான கீச்சுக்குரல். டப்பிங் கலைஞராக நடித்தவளுக்கு டப்பிங் பேச ஆள் தேவைப்பட்டது.

இப்படித்தான் அக்கா, அக்காவாக நடித்த பெண்ணுக்குக் குரல் கொடுக்க வந்து சேர்ந்தாள். முகம் போனால் போகிறது, குரலாவது நம்முடையதாக இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இந்தக் குரலையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியமும் கூடவே வந்தது.

ஒலிப்பதிவாளருக்கு அங்கே காது என்று பெயர். எறும்பு ஊர்ந்தாலும் அந்தச் சத்தம் படத்தில் வேண்டாம் என்று பதிவை நிறுத்திவிடுகிற ஆள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் மைக்கும் அக்காவும் எதிரே ஒரு பெரிய டிவித் திரையும் இருக்கும். காட்சியைச் சின்னச் சின்னத் துண்டாக்கித் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். முதல் சில நாட்களில் பாதிப் படம் மளமளவென்று முடிந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கதையில் நாயகி முதன்முதலாக டப்பிங் பேச வருகிறாள். அவளுக்கு முன்னால் ஒரு திரை, அதில் பழைய படத்து நாயகி ஒருத்தி அழுதுகொண்டே, "உங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்கிறாள். நம் நாயகி பதற்றத்தில் தாமதமாகப் பேசித் திட்டு வாங்க வேண்டும். ஆக, திரைக்குள் ஒரு திரை. உள்ளே அழுகிறவளின் வாய் ஒன்று, வெளியே தடுமாறுகிறவளின் வாய் ஒன்று, இரண்டையும் பார்த்துப் பேசுகிற அக்காவின் வாய் மூன்றாவது.

அக்கா பேசினாள். இயக்குநர் காதின் அறையிலிருந்து ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த இடத்துல நீங்க தப்பாப் பேசணும்."

"தப்பாத்தானே சார் பேசினேன்?"

"இல்ல, சரியாப் பேசிட்டீங்க."

"மன்னிச்சுக்கோங்க சார், பழக்கதோஷம்."

சரியாகச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிற தொழில் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா என்று தெரியவில்லை. மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடியும் அக்காவின் கண், வருஷக்கணக்கான பழக்கத்தில், உள்ளே அழுகிற வாய்க்கே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. குரல் அந்த வாயோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. வெளியே நின்ற பெண்ணோ குரல் முடிந்த பிறகு சாவகாசமாக வாயைத் திறந்து மூடினாள். நாலாவது முறையும் இப்படியே ஆனபோது கண்ணாடிக்கு அப்பால் காது தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. தப்பாப் பேசறது எவ்வளவு கஷ்டம்னு நீங்க வந்து நின்னு பாருங்க."

காது எழுந்து வந்தார். சின்னக் காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து, திரைக்குள் அழுகிறவளின் வாய் மேல் சரியாக ஒட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்கா பார்க்க ஒரே வாய்தான் இருந்தது. அடுத்த முறையே தப்பு சரியாக வந்துவிட்டது. இயக்குநர் கைதட்டினார்.

கைதட்டல் அதோடு சரி. அந்தக் காட்சியின் கடைசியில், திட்டு வாங்கிய நாயகி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசுகிறாள். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று இயக்குநர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அதற்கென்று ஒரு வசனமும் எழுதியிருந்தார். 'என் குரலுக்கு முகமில்லை, என் முகத்துக்குக் குரலில்லை.' அதைச் சொல்லும்போது அவருக்கே கண் மூடிக்கொள்ளும்.

"இது மட்டும் உங்க சொந்தக் குரல்ல வேணும் அக்கா. நடிக்காதீங்க. நீங்க நீங்களாவே பேசுங்க."

இதென்ன பிரமாதம் என்று அக்கா பேசினாள். ஸ்பீக்கரில் காது கனைத்தார்.

"அக்கா, இது ரயில்ல போற அந்த நோயாளிப் பொண்ணு."

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி பேசினாள்.

"இது போலீஸ் அதிகாரி."

இன்னொரு முறை.

"இது ரெட்டை வேஷத்துல வந்த கெட்ட தங்கச்சி."

"அப்போ நல்ல அக்காவைப் போடட்டுமா?" என்றாள் அக்கா எரிச்சலோடு.

"அதுவும் நீங்க பேசினதுதான். நான்தானே பதிவு பண்ணேன்."

அக்கா தலைகீழாக நின்று பார்த்தாள். எதிரே இருந்த வாய் சின்ன வாய், பட்டினி கிடந்த வாய். அதைப் பார்த்த மாத்திரத்தில் அக்காவின் குரல் தானாக இளைத்து, ஏங்கி, யாரோ ஒருத்தியின் குரலாகிவிட்டது. சாயங்காலம் இயக்குநர் வெளியே வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் காகிதத் துண்டைத் திரையிலிருந்து உரித்தபடி பேசினார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் அக்கா. வரலேன்னா, தப்பா நினைக்காதீங்க, குயிலை வரச்சொல்லி மொத்தப் படத்தையும் பேச வெச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்."

குயில் என்பது புதிதாக வந்த டப்பிங் பெண். வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்பதால் அவளுக்கு இன்னும் சொந்தக் குரல் மிச்சமிருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். முகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள், இப்போது குரலையும் கேட்கிறார்கள். அக்கா வளையல்களை மாட்டக்கூட மறந்து கைக்குட்டை முடிச்சோடு பஸ் ஏறினாள்.

வீட்டில் வீட்டுக்காரரும் காலேஜுக்குப் போகிற மகளும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். அக்கா பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

"என் சொந்தக் குரல் எது?"

மகள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"எந்த நேரத்துலம்மா? என்னைத் திட்டும்போது வில்லி மாமியார். போன்ல கம்ப்ளெயின்ட் சொல்லும்போது லேடி டாக்டர். அப்பாகிட்ட காரியம் ஆகணும்னா அந்த அனாதைப் பொண்ணு."

"அவ்வளவுதானா?"

"விருந்தாளி கிளம்பற வரைக்கும் ராஜகுமாரி."

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மணிக்கணக்கா போன்ல பேசினோமே, அது என் குரல்தானே?"

வீட்டுக்காரர் குழம்பைப் பரிமாறிக்கொண்டே யோசித்தார்.

"அது அப்போ ஓடின படத்துல டீச்சரா வருவாளே, அவ குரல். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். தியேட்டர்ல தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் கட்டிக்கிட்டது யாரைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. ஆனா குறையொண்ணும் இல்ல."

அப்பாவும் மகளும் சிரித்தார்கள். வழக்கமாக அக்காவும் சேர்ந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை. ஊரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் அழுதுகொடுத்திருக்கிறாள், தனக்கென்று அழ வேண்டுமானால் யாருடைய குரலில் அழுவது என்று தெரியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். மேஜையில் சிரிப்பு நின்றது. மகள் எழுந்து வந்து அவள் பையை வாங்கி வைத்து, அவளை உட்காரவைத்துத் தட்டில் சோறு போட்டாள். வீட்டுக்காரர் பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு அன்றைய கதையைத் தொடங்கினார்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன், கைகால் எல்லாம் சரியா வேலை செய்யுது. ஆனா கண்ணை மட்டும் கண்ணாடியிலிருந்து எடுக்க மாட்டேங்கறாரு. பின்னாடி வர்றவன் என்ன பண்றான்னே பார்த்துக்கிட்டு ஓட்டறாரு. நேராப் போய் கேட்டுல இடிச்சாரு. அப்புறம் அந்தக் கண்ணாடியைத் திருப்பி வெச்சேன். ஒழுங்கா ஓட்டினாரு."

அக்கா பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினாள். "என்ன பண்ணீங்க?"

"கண்ணாடியைத் திருப்பி வெச்சேன். ஏன், தப்பா?"

அக்கா இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் தியேட்டருக்குள் வந்ததும் மைக் ஸ்டாண்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பினாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எதிரே இப்போது சுவர்தான் இருந்தது, சத்தத்தை விழுங்குவதற்காகச் சின்னச் சின்ன ஓட்டை போட்ட சுவர். அத்தனை ஓட்டையில் ஒன்றுகூட வாய் மாதிரி அசையவில்லை.

"அக்கா, திரை பின்னாடி இருக்கு," என்றார் இயக்குநர் ஸ்பீக்கரில்.

"தெரியும் சார்."

"அப்போ வாயசைப்பு?"

"அது அப்புறம். முதல்ல குரல் வருதான்னு பார்ப்போம்."

மைக் திறந்திருந்தால் பதிவும் ஓடிக்கொண்டிருக்கும், அது காதின் வழக்கம். அக்கா மூச்சை இழுத்துவிட்டு இயக்குநர் எழுதியதைத் தொடங்கினாள்.

"என் குரலுக்கு முகமில்லை..."

நிறுத்திவிட்டாள்.

"இது எனக்கு வரலை சார். எனக்கு முகம் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. நான் நல்லாச் சாப்பிடறேன், நல்லாத் தூங்கறேன், எனக்கு ஏக்கமெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஆனா திரையில அவங்க அழறப்போ அழறது நான். அவங்க சிரிக்கறப்போ சிரிக்கறது நான். இது யாரு பேசறதுன்னு ஒருத்தர் கேட்டா போதும். ஒரே ஒரு தடவை கேட்டா போதும் சார், வேற ஒண்ணும் வேண்டாம்."

பேசி முடித்த பிறகு அக்காவுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு, வாக்கியம் முடியுமுன்பே ஓடிவிடுகிற அவசரம். அழகான குரல் என்று சொல்ல முடியாது. எந்த நாயகிக்கும் அது பொருந்தாது. அக்கா திரும்பிப் பார்த்தபோது காது ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதை நான் இதுவரைக்கும் பதிவு பண்ணதே இல்ல," என்றார்.

இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. சினிமாக்காரர் ஆயிற்றே, கலங்கிய கண்ணைத் துடைக்கும் முன்பே வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"இதுதான், இதுதான் வேணும்! ஆனா அந்தப் பொண்ணு வாய் வேற வசனம் பேசியிருக்கே. இது எப்படிப் பொருந்தும்?"

"இத்தனை வருஷமா வாய்க்காகக் குரல் காத்துக்கிட்டு நின்னுச்சு சார். ஒரு தடவை குரலுக்காக வாய் காத்துக்கிட்டு நிக்கட்டுமே."

இயக்குநர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளருக்குப் போன் போட்டார். குயிலை வரச்சொல்லும் பேச்சு அதோடு எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை.

அந்த வாரமே ஒட்டடையை மறுபடி கட்டி, ஓடாத மின்விசிறியை மறுபடி மாட்டி, அதே தியேட்டரில் கேமராவை வைத்தார்கள். அக்காவின் குரலைப் பெரிதாக ஒலிக்கவிட்டு, அதற்கு அந்தப் பெண் வாயசைக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அக்கா பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்தாள். வளையல்களைக் கழற்றவில்லை, அன்றைக்கு அவள் பேசப்போவதில்லை அல்லவா?

அந்தப் பெண் வாயசைத்தாள். ஒரு முறை முந்திக்கொண்டது, ஒரு முறை பிந்திக்கொண்டது.

"சரியா இருக்கா அக்கா?"

"வாய் பின்னாடி வருதும்மா. அவசரமில்ல, நிதானமாப் பண்ணு."

அக்கா அதைச் சொன்ன தோரணையைப் பார்த்துக் காது வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷம் அக்கா கேட்டுவந்த வார்த்தைதான் அது, குரல் என்ற இடத்தில் வாய் என்று மட்டும் மாறியிருந்தது. அன்றைக்குத்தான் அதைச் சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. 'நான் நல்லாச் சாப்பிடறேன்' என்கிற இடத்தில் மட்டும் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் சறுக்கினாள். வாய் பொருந்தினாலும் முகம் அதை நம்பவில்லை. அடுத்த முறை அந்த இடத்தில் குரல் மூச்சு வாங்குவதற்காக நின்ற நேரத்தில், அமைதியான அந்த அறையில் கடமுடவென்று ஒரு சத்தம் எழுந்தது.

"யாரு வயிறு அது?" என்றார் காது, கட்டளை போல.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சார், முதல்ல இந்தப் புள்ளைக்குச் சாப்பாடு போடுங்க. மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்."

கேண்டீன்காரருக்கு அன்றுதான் சினிமாவில் தன் பங்கு கிடைத்தது. தட்டை நிறைத்துக் கொண்டுவந்து வைத்தார். மாதக்கணக்கான பட்டினியை அந்தப் பெண் ஒரே வேளையில் தீர்த்துக்கொண்டாள். மறுசோறும் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டு வந்து மைக்கின் முன்னால் நின்றாள். இயக்குநர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"போச்சு! கண்ணுல ஏக்கமே போச்சு! இப்போ இவங்களைப் பார்த்தா, இவங்களைப் பார்த்தா..." என்றவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்காங்க அக்கா."

"அப்போ டப்பிங் ஆர்ட்டிஸ்ட் மாதிரியே இல்லன்னு சொல்லுங்க."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநரும் தாடியைத் தடவிக்கொண்டே அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு அந்தப் பெண் கேமராவுக்கு முன்னாலிருந்து விலகி அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, இன்னும் ஒரு இடம் பிடிபடலை. 'அழறது நான்'னு வருதே, அங்க. நீங்க எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன். நான் உங்க வாயைப் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு அக்காவின் நாற்காலிக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் அக்காவின் உதடுகளையே பார்த்தாள். இயக்குநரும் பார்த்தார். காது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து பார்த்தார். இத்தனை காலமும் அக்கா எத்தனையோ வாய்களை இப்படிப் பார்த்திருக்கிறாள். அவள் வாயை இப்படி ஒருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. உதட்டோரத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டு, பேசத் தொடங்கினாள்.